கருங்குளப்பட்டி முகாம்

கருங்குளப்பட்டியில் கிடைத்த வரவேற்பே ஆசிரியர் அடைக்கலத்துக்குச் சரியாகப் படவில்லை. மாணவர்கள் மண்வெட்டியும் கூடையும் படுக்கைச் சுருளுமாக லாரியிலிருந்து குதித்தபோது பாதையோரம் ஊரே நின்றிருந்தது. ஒருவர் முகத்திலும் வெறுப்பு இல்லை. ஒருவரும் வாய் திறக்கவும் இல்லை. அம்பலக்காரர் நாகராசு மட்டும் முன்னால் வந்து, கூட வந்த கல்லூரி ஆசிரியர் என்ற முறையில் அவன் கழுத்தில் மாலை போட்டார். ஓரடி தள்ளி நின்று, விரல் எங்கும் படாமல், தலைக்கு மேலிருந்து நழுவவிட்டார். மாலை ஒரு பக்கமாகச் சரிந்து காதில் தொங்கியது. அவனே அதை இழுத்துச் சரி செய்துகொண்டான்.

"புள்ளைக கூட்டாப் பொங்கிச் சாப்புடட்டும். அது ஒங்க காலேசு வழக்கம், நான் குறுக்க நிக்கல. வாத்தியாருக்கு மட்டும் நம்ம வீட்ல சாப்பாடு. அது ஊரு மொறை" என்றார் அம்பலம்.

 முதல் நாளே ஊர்ப் பெரிய மனிதரைப் பகைத்துக்கொண்டு மாணவர்களை இங்கே வைத்துக் காக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. சரி என்று தலையாட்டினான்.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கோடை. புதுக்கோட்டையில் அவன் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த கல்லூரியின் முதல்வர், பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றுக்குச் சென்னை போய்வந்ததிலிருந்து ஒரே பேச்சாக இருந்தார். பட்டம் வாங்குகிறவன் எல்லாம் பட்டணத்துக்கு ஓடினால் பல்கலைக்கழகம் யாருக்காக என்பது அவர் கேள்வி. லீவில் மாணவர்கள் ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, ஒரே அடுப்பில் பொங்கி, அந்த ஊருக்கு உருப்படியாக ஒன்று செய்துவிட்டு வரட்டும் என்றார். மற்ற ஆசிரியர்கள் வெயிலை யோசித்தார்கள். அடைக்கலம் போகிறேன் என்றான்.

ஊரைச் சொன்னவன் தங்கமுத்து. அவன் நாகராசு அம்பலத்தின் ஒரே மகன். விடுதியில் அவனுக்கும் அறந்தாங்கிப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்த ராமுவுக்கும் ஒரே அறை. சேர்ந்த புதிதில் தங்கமுத்து தன் பாயைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பானையைத் தொடாமல் கிணற்றடியில் போய்க் குடித்தவன். இரண்டு வருஷத்தில் ஒருவன் சட்டையை மற்றவன் மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வரும் அளவுக்கு ஆகியிருந்தது. முகாம் பேச்சு வந்தபோது ராமு சாதாரணமாகத்தான் கேட்டான், உங்கள் ஊர்ச் சேரிக்கு ரோடு இருக்கிறதா என்று. தங்கமுத்து யோசித்துப் பார்த்தான். இல்லை. இல்லாதது அன்றைக்குத்தான் அவன் கண்ணில் பட்டது.

சேரி கண்மாய்க்குத் தெற்கே, பள்ளத்தில் இருந்தது. திருமயம் ரோட்டுக்கு வரவேண்டுமானால் ஊர்த்தெரு வழியே வரலாம். ஆனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்று வரவேண்டும். நோயாளியைக் கட்டிலில் வைத்துத் தெருவழியே தூக்கி வரக் கூடாது. அதனால் மழைக்காலத்தில் பிள்ளைத்தாய்ச்சியைக்கூட வரப்புச் சேற்றில்தான் சுமந்துவந்தார்கள். கண்மாய்க் கரையின் அடிவாரத்தில் புறம்போக்கு நிலம் சும்மா கிடந்தது. அதில் மண்ணடித்து, அய்யனார் கோயில் தோப்பை ஒட்டித் திருப்பினால் நேரே திருமயம் ரோட்டில் போய் ஏறிவிடலாம். தங்கமுத்து தன் அப்பாவிடம் கேட்டபோது அவர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லையாம். மகனுக்கு அதில் ஒரே பெருமை.

அடைக்கலம் திருவரங்குளத்துக்குப் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். அப்பா பண்ணையாள். சர்க்கார் விடுதியில் தங்கிப் படித்து, உபகாரச் சம்பளத்தில் சென்னைக்குப் போய் எம்.ஏ. முடித்து வந்தவன். கல்லூரியில் அதை மறைத்ததில்லை, ஆசிரியர்களுக்கெல்லாம் தெரியும். மாணவர்கள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. பெயரை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சீமையில் எல்லாச் சாதியிலும் அடைக்கலம் உண்டு.

வேலை நன்றாகவே தொடங்கியது. கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஒரு கூட்டம் கண்மாய்க்குள் மண் வெட்ட, ஒரு கூட்டம் வரிசையாக நின்று கூடை மாற்ற, திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை நாச்சியப்பன் சமையல் பொறுப்பை எடுத்துக்கொண்டான். வீட்டில் தண்ணீர்கூட மொண்டு குடித்தறியாதவன் அவன். இரண்டே நாளில் கையைச் சுட்டுக்கொண்டு, சோற்றைக் குழைத்து, பிறகு பதம் பிடித்துவிட்டான். சேரி ஆட்களும் விடியலிலேயே மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். மத்தியானம் புளியமரத்தடியில் எல்லோருக்கும் ஒரே வரிசையில் இலை விழும்.

அடைக்கலத்துக்கு மட்டும் அம்பலத்தின் வீட்டில். வீட்டுப் பக்கவாட்டில் சுவரோடு இறக்கிய ஒரு சார்ப்பு. ஏர், நுகத்தடி, தவிட்டுப் பானை எல்லாம் அங்கேதான். அதில் ஒரு பாய் விரித்து இலை போட்டிருக்கும். பரிமாறுகிறவன் வீட்டு வேலையாள். பதார்த்தத்துக்குக் குறையே இல்லை. அம்பலம் எதிரே மரநாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லி வற்புறுத்துவார். தாம் முன்பே சாப்பிட்டாயிற்று என்பார். ஒரு நாளாவது அவர் கூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர் மனைவி அமிர்தவல்லி நிலைக்கு அந்தப் பக்கம் இருட்டில் நிற்பாள். ஒருமுறை அவன் நிமிர்ந்தபோது அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை விலக்கிக்கொள்ளவும் இல்லை.

தண்ணீர் வைக்கும் தம்ளர் எப்போதும் ஒன்றேதான். விளிம்பு நசுங்கிய பித்தளைத் தம்ளர். அவன் எழுந்ததும் வேலையாள் அதை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. சார்ப்பு எரவானத்தில் செருகுவான். பாயைச் சுருட்டி வேலியில் போடுவான். அடைக்கலம் இதையெல்லாம் பார்த்தான். பார்த்ததை மனசுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்தான். மண் வேலை செய்கிறவனை வீட்டுக்குள் கூப்பிட்டால் தரை அழுக்காகும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டான்.

சேரியில் அவனை அடையாளம் கண்டவள் அழகி. அவன் அம்மாவுக்குச் சித்தி மகள். அவன் சின்னப் பையனாக இருந்தபோதே கருங்குளப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். வறண்ட கண்மாய்க்குள் தோண்டிய ஊற்றில் தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவளுக்கு அவனைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. "சின்னாத்தா" என்று அவன் வாயெடுக்கும் முன்பே தலையைக் குனிந்துகொண்டு, "தண்ணி வேணுங்களா ஐயா" என்றாள். சுற்றிலும் ஊர் ஆட்கள் இருந்தார்கள். அவன் வேண்டாம் என்று நகர்ந்தான். அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் அவள் அவனைப் பெயர் தெரியாத அதிகாரியைப் போலவே நடத்தினாள்.

ரோடு தோப்பை நெருங்க நெருங்க ஊரின் முகம் மாறியது. சொல்லிக் காட்டக்கூடிய எதுவும் நடக்கவில்லை. அடித்து வைத்த முளைக்குச்சிகள் காலையில் பிடுங்கிக் கிடந்தன. மாடு இடறியிருக்கும் என்றார்கள். ஊருணியில் வாளிக் கயிறு அறுந்திருந்தது. பழைய கயிறு என்றார்கள். கடைக்காரர் உப்பு இல்லை என்றார், அடுத்த ஆளுக்கு அளந்து போட்டார். தோப்பு ஓரமாகப் போகும்போது இளவட்டங்கள் சிலர் காய்ந்த பனை மட்டைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்ததை அடைக்கலம் கண்டான். கூரை வேய ஓலைதான் வேண்டும், வெறும் மட்டை உதவாது. எதற்கு என்று கேட்டான். சும்மாதான் என்று ஒருவன் சிரித்தான்.

அன்று பிற்பகல் அம்பலம் அவனைக் கண்மாய் மடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மடைக்கல்லில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர், அவனை உட்காரச் சொல்லவில்லை.

"ஒங்க அய்யா பேரு சாத்தன்தானே?" என்றார். குரலில் கோபமோ கேலியோ எதுவும் இல்லை. "அமிர்தவல்லி பொறந்த வீட்டுப் பண்ணையில கெடந்தவன். நீங்க லாரிய விட்டு எறங்கயிலயே அவ பாத்துட்டா. நடை அப்புடியே சாத்தன் நடைன்னு சொன்னா. நம்ம சேரி அழகி ஒங்களுக்குச் சின்னாத்தான்னும் சொன்னா."

அடைக்கலம் நின்றபடியே கேட்டான். "தெரிஞ்சும் ஏன் ஐயா என்னைய வீட்டுக்குக் கூப்புட்டீங்க?"

"வீட்டுக்கா?" அம்பலம் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "வீட்டுக்குள்ள யாரு வந்தா?"

பிறகு அவர் நிதானமாக விளக்கினார். ரோடு தோப்போடு நின்றுவிடட்டும். அதற்கு மேலே சாமி நிலம் என்று வாத்தியாரே மாணவர்களிடம் சொல்லிவிடலாம். தாசில்தார் வந்து பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் அவ்வளவு போதும். சேரிக்காரன் வீட்டு வாசலிலிருந்து நேரே நடந்து பஸ் ஏறிவிட்டால், நாளைக்கு நடவுக்கும் அறுப்புக்கும் கருங்குளப்பட்டி வயலில் யார் குனிவது? பொருளாதாரம் படித்தவருக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தமக்கு வாத்தியார் மேல் வருத்தம் இல்லை. ஆனால் எளந்தாரிப் பையன்களுக்கு அப்படி இல்லை. இன்னார் மகன் மாலை வாங்கிக்கொண்டு ஊருக்குள் நடமாடினான், சேரியில் ஒருத்தி அதைத் தெரிந்தே மறைத்தாள் என்று தெரிந்தால் அவர்களைப் பிடித்து நிறுத்தத் தம்மால் ஆகாது.

"நீங்க லாரியேறிப் போயிருவீங்க வாத்தியாரே. அழகி எங்க போவா? கூரை வீடு. வெயிலும் இந்தப் போடு போடுது."

அவன் நேரே சேரிக்குத்தான் போனான். அழகி வீட்டின் பின்புறம் நின்று நடந்ததைச் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை. முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திரு அப்பு" என்றாள். வந்ததிலிருந்து முதல்முறையாக உறவு சொல்லிப் பேசினாள். "தோப்போட நிறுத்திரு. மிச்சத்த வரப்புல நடந்துக்குறோம். இத்தன காலம் நடக்கலியா? நீ எங்களுக்கு நல்லது செய்யணும்னு வந்த, அது தெரியுது. ஆனா செஞ்சுட்டு நீ போயிருவ. நாங்க இங்கனதான் படுத்து எந்திரிக்கணும்."

அவன் முகாமுக்குத் திரும்பினான். வழியெல்லாம் மனசு ஒரு நிலையில் இல்லை. வாயை மூடிக்கொண்டால் அழகியின் கூரை தப்பிக்கும். ரோடு பாதியில் நிற்கும். நாளை மத்தியானம் சார்ப்பில் போய் உட்கார்ந்து அந்தத் தம்ளரில் தண்ணீர் குடிக்க வேண்டும். சொன்னாலோ, தீ விழுந்தால் அது தன் தலையில் விழாது. தனக்காக இன்னொருத்தி வீட்டைப் பணயம் வைக்கத் தனக்கு என்ன உரிமை என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. இதைத் தனியாக வைத்திருக்கும் வரை தான் அம்பலத்தின் கைக்குள்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் அம்பலம் வீட்டு வேலையாள் வந்து கூப்பிட்டபோது வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, புளியமரத்தடி வரிசையில் உட்கார்ந்தான். மாணவர்களுக்கு ஆச்சரியம். நாச்சியப்பன் இலையைக் கொண்டுவந்து போட்டான். தன் இலையில் சோறு விழும் முன்பே அடைக்கலம் பேசத் தொடங்கினான். தான் எந்தச் சேரியில் பிறந்தவன், அப்பா யார், அம்பலம் என்ன சொன்னார், அழகி என்ன சொன்னாள் என்று ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொல்ல முயன்றான். முடியவில்லை.

 ஒரு மாணவன் பிசைந்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். இன்னொருவன் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதை நினைக்கிறான் என்று அடைக்கலத்துக்குத் தெரியவில்லை. நாச்சியப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் இலையில் சோற்றை வைத்தான்.  "ஆறிரும் சார், சாப்புடுங்க" என்றான்.

தங்கமுத்து மட்டும் எழுந்து நின்றான். முகம் கறுத்திருந்தது.

"எங்க வீட்ல எங்க வச்சு சார் சாப்பாடு போட்டாங்க? சார்ப்புலயா?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட மாடியில வச்சுப் போடுறதாச் சொன்னாங்க" என்றான். அவ்வளவுதான். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு ஊரைப் பார்த்து நடந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. ராமு கூப்பிட்டதற்கு அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

தொடர்ந்து வேலை செய்வதா, திரும்பிப் போவதா என்று பேச்சு எழுந்தது. நாம் யார் முடிவு செய்ய, வீடு இழக்கப் போகிறவர்களைக் கேட்க வேண்டாமா என்றான் ராமு. அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அடைக்கலமும் ராமுவும் சேரிக்குப் போய் வேப்பமரத்தடியில் எல்லோரையும் கூட்டிக் கேட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். சின்ன வயசுக்காரர்கள் பேசவே பயந்தார்கள். கடைசியில் முத்தாள் என்ற பெண் இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்தாள். போன கார்த்திகையில் அவள் அக்கா வரப்புச் சேற்றில் கட்டில் மேலேயே செத்துப்போனவள்.

"நிறுத்துனாலும் ஊருக்குத் தெரியத்தான் போகுது. அடி எப்புடியும் விழும். ரோடாவது கெடைக்கட்டும்" என்றாள்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அழகி எழுந்து தன் வீட்டுக்குள் போனாள். பானைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து, கூரையிலிருந்து தள்ளி வெறும் பொட்டலில் வைத்தாள். பிறகு பாய். பிறகு விதை நெல் முடிச்சு. அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரியும் சாமானை வெளியே எடுக்க ஆரம்பித்தாள். அப்புறம் அதற்கடுத்த வீடு. சற்று நேரத்தில் சேரி முழுவதும் தன் சாமானை வெயிலில் பரப்பிவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தது. அடைக்கலம் அதைப் பார்க்க முடியாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினான்.

பொழுது சாயும்போது தங்கமுத்து வந்தான். தோளில் ஒரு பாய், கையில் தகரப் பெட்டி. கன்னத்தில் விரல் தடம் பதிந்திருந்தது. முகாமுக்கு வராமல் நேரே சேரிக்குள் போய் அழகி வீட்டு வாசலில் பாயை விரித்தான். அழகி பதறிப்போய் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். அடைக்கலம் ஓடிப்போய் என்னப்பா இது என்று கேட்டான்.

"இன்னக்கி இங்கதான் படுக்கப் போறேன் சார். எங்கப்பா எம்மேல நெருப்பு வைக்க மாட்டாரு." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினான். "வைக்க மாட்டாருன்னுதான் நெனைக்கிறேன்."

அவன் போய் உட்கார்ந்ததைப் பார்த்து ராமு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நாச்சியப்பன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து, வாசலுக்கு ஒருவராகப் பிரிந்துகொண்டார்கள். எல்லோரும் வரவில்லை. சிலர் முகாமிலேயே படுக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவதாகச் சொன்னார்கள். அடைக்கலம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறாள்.

வானத்தில் செம்மை மாறுவதற்குள் கண்மாய்க் கரைமேல் ஆட்கள் வந்து நின்றார்கள். தோப்பில் அடுக்கியிருந்த மட்டைகள் இப்போது அவர்கள் கையில் பந்தமாக இருந்தன. ஒருவன் தன் பந்தத்தைக் கொளுத்தினான். மற்றவர்கள் அதிலிருந்து பற்றவைக்கக் காத்திருந்தார்கள். சேரியில் குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்திக்கொண்டார்கள். கரை உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தங்கமுத்துவின் சிற்றப்பன் குரல்.

"தங்கமுத்து, இங்கிட்டு வந்துரு."

அவன் எழுந்து நின்றான். 

"வரல சித்தப்பா."

"வந்துருன்னா வந்துரு. ஒங்க ஆத்தா அழுகுறா."

"வரல."

 பந்தம் எரிந்து அதன் தணல் பொலபொலவென்று கரை மண்ணில் உதிர்ந்தது. அம்பலம் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்று அடைக்கலம் தேடிப் பார்த்தான்; வெளிச்சத்துக்குப் பின்னால் நின்றவர்கள் யார் என்று தெரியவில்லை. வெகுநேரம்போலத் தோன்றியது. பிறகு கொளுத்தியவன் பந்தத்தைத் தலைகீழாக மண்ணில் குத்தி அணைத்தான். வந்த மாதிரியே சத்தமில்லாமல் போனார்கள்.  சேரியில் ஒருவரும் பானைகளை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

முகாம் முடியும் வரை மாணவர்கள் சேரி வாசல்களில்தான் படுத்தார்கள். ஊருணித் தண்ணீர் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. கண்மாய் ஊற்றிலிருந்து சேரிப் பெண்கள் கலங்கலாகக் கொண்டுவந்து கொடுத்ததைக் காய்ச்சிக் குடித்தார்கள். பஸ்ஸேறிப் போனவர்களில் இருவர், கேட்பாரில்லாமலே திரும்பி வந்து கூடையைத் தூக்கினார்கள். ரோடு தோப்பைத் தாண்டித் திருமயம் ரோட்டில் போய் ஏறியது.

தாசில்தார் வந்த அன்று அம்பலம் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, ஊரே சேர்ந்து போட்ட ரோடு என்று பேசினார். மாணவர்களைப் புகழ்ந்தார். மகன் பக்கம் மட்டும் பார்வையைத் திருப்பவில்லை. கூட்டம் கலையும்போது அடைக்கலத்தைக் கடந்து போனவர் நின்று, போய்வாருங்கள் என்று கைகூப்பினார். அவர் முகத்தில் வந்த அன்றைக்கு இருந்த அதே மரியாதை. 

புதுக்கோட்டைக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் முதல்வரிடம் சொன்னான்.  ஒரு ரோடு போட்டுவிட்டு வருவது எளிது, அங்கே விட்டுவிட்டு வந்த பகைக்கு யார் பொறுப்பு என்று தாம் யோசிக்கவில்லை என்றார் அவர். போன கால் இனி நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். வாராவாரம் சனிக்கிழமை மாணவர்கள் இரண்டு பேர் கருங்குளப்பட்டி சேரியில் போய்த் தங்கி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஞாயிறு மாலை திரும்புவது என்று ஏற்பாடாயிற்று. அதைக் கல்லூரியின் வேலையாகவே ஆக்கினார் முதல்வர். முதலில் போனவர்கள் ராமுவும் தங்கமுத்துவும்தான். தங்கமுத்துவுக்கு இனி வீடு இல்லை என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். லீவு நாளிலும் அவன் விடுதியிலேயே இருந்தான். ஆவணிக்குள் சேரிப் பையன்களில் மூன்று பேர் அந்த ரோட்டில் நடந்து பஸ்ஸேறித் திருமயம் பள்ளிக்கூடம் போனார்கள். ஊர்ப் பிள்ளைகள் சிலரும் பாடம் நடக்கும்போது வேலிக்கு வெளியே வந்து நிற்பதாக ராமு சொன்னான். கூப்பிட்டால் ஓடிவிடுகிறார்களாம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிரம்பிய மறுநாள் சேதி வந்தது; கரை உடைந்து ரோட்டின் நடுப்பகுதி போய்விட்டது. அடைக்கலம் கிடைத்த மாணவர்களோடு போய்ப் பார்த்தான். கரை தானாக உடைந்திருக்கவில்லை. உடைப்பின் ஓரம் செங்குத்தாக, மண்வெட்டி வாய் பதிந்த தடத்தோடு இருந்தது. வெட்டியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. பாய்ந்த தண்ணீர் ரோட்டை மட்டும் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் ஊர்க்காரர்கள் வயலிலும் மணல் அடித்து நாற்றை மூடியிருந்தது.

கொட்டும் மழையில் மாணவர்களும் சேரிக்காரர்களும் மண்மூட்டை அடுக்கினார்கள். பொழுது ஏற, ஊர்க்காரர்கள் சிலர் மண்வெட்டியோடு கரையிறங்கி வந்தார்கள். ரோட்டுக்காக இல்லை, எங்கள் வயலுக்காக என்று ஒருவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். தங்கமுத்துவின் சிற்றப்பனும் அதில் இருந்தார். கூடை கைமாறி வந்தபோது முத்தாள் கையிலிருந்து அவர் வாங்க வேண்டியிருந்தது. ஒரு கணம் தயங்கினார். தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டார்.

அழகி நனைந்த சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அடைக்கலத்தின் அருகில் வந்தாள். "திரும்ப வெட்டுவாக அப்பு" என்றாள்.

"திரும்ப வருவோம் சின்னாத்தா." ஊரார் காதில் விழும்படியே உறவு சொன்னான். அவள் சுற்றிலும் பார்த்தாள்.

"எத்தன தடவ வருவ?"

அவன் வாய் திறப்பதற்குள் கரைமேல் குடை ஒன்று தெரிந்தது. நாகராசு அம்பலம் தனியாக நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் தம்பியையும், முத்தாளையும், சேற்றில் இடுப்பளவு நின்ற தம் மகனையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோர் பெயரையும் மனசில் குறித்துக்கொள்கிற பார்வை அது.

"நல்லா கெட்டியா அடைங்க வாத்தியாரே" என்றார் அன்பாக. "மழை இன்னும் முடியல."

சிற்றப்பன் கையிலிருந்த கூடை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அவர் அண்ணனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி அதைத் தங்கமுத்துவிடம் நீட்டினார். அடைக்கலம் குனிந்து அடுத்த மூட்டைக்கு மண் அள்ளினான்.